பதினொரு கிளிப்பும் இன்னொன்றும்

ஒரு காரின் டிக்கி கதவிலிருந்து உள்பக்க டிரிம்மைக் கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கதவை மேலே தூக்கி நிறுத்தினால் உட்புறத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகை தெரியும். அதுதான் டிரிம். கைப்பிடிக் குழிக்குள் சின்ன மூடி போட்டு மறைத்த இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியை ஓரத்தில் நுழைத்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் வைத்து மெதுவாக நெம்ப வேண்டும். நான் சொல்லப்போகிற வேனில் பதினொரு கிளிப். அவசரப்படாத ஆளுக்குப் பதினைந்து நிமிட வேலை.

இதை எழுதித் தரச் சொன்னது நீங்கள்தான். இரண்டு முறை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரில் வந்து சொன்னேன். முதல் முறை தண்ணீர் கொடுத்து அனுப்பினீர்கள். அடுத்த முறை தோளைத் தட்டி, துக்கத்தில் இப்படியெல்லாம் தோன்றும், வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள் என்றீர்கள். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். இன்று காகிதமும் பேனாவும் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பேனா விட்டு விட்டு எழுதுகிறது. சில எழுத்துகளின் மேல் இரண்டு முறை எழுதியிருக்கிறேன், திருத்தியதாக நினைக்க வேண்டாம்.

என் மனைவியின் தம்பி பதினெட்டு நாளைக்கு முன்னால் எங்கள் பட்டறையில் ஒரு வேனின் டிக்கி கதவு விழுந்து இறந்தான். உங்கள் கோப்பில் விபத்து என்று இருக்கிறது. அது விபத்து இல்லை. முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும் போலிருக்கிறது.

பட்டறையில் வண்டியின் உட்புறம் என் பொறுப்பு. கதவுப் பலகை, கூரைத் துணி, டேஷ்போர்டு எல்லாம் இருபத்தாறு வருடமாக நான்தான் கழற்றி மாட்டுகிறேன். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, வண்டி நம்பரையும் எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் துண்டுச் சீட்டில் எழுதி மூடியில் ஒட்டுவேன். அதனால் பட்டறையில் எனக்குக் ‘கிளிப்பு’ என்று பெயர். கேலிதான். ஆனால் நான் மாட்டிய வண்டி சத்தம் போடுகிறது என்று அந்த இருபத்தாறு வருடத்தில் முதல் பதினேழு வருடம் யாரும் திரும்பி வந்ததில்லை.

பதினெட்டாவது வருடம் என் மச்சினன் வந்தான். வயரிங் வேலை. மனைவி கேட்டுக்கொண்டதால் நானே முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். வேலை தெரிந்தவன், அதை மறுக்கவில்லை. எந்த வயர் எங்கே செத்திருக்கிறது என்று பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். அவனை ‘மின்னல்’ என்று கூப்பிட்டார்கள்.

டிக்கி கதவுக்குப் போகும் வயர்கள் கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய்க்குள் ஓடும். கதவைத் திறந்து மூட, திறந்து மூட, உள்ளே மடங்கி மடங்கி ஒருநாள் அறுந்துபோகும். நம்பர் பிளேட் விளக்கு எரியாது, பின் வைப்பர் ஓடாது. அதைச் சரிசெய்ய டிரிம்மை எடுத்தாக வேண்டும். நான் எடுத்துக் கொடுத்த பிறகு அவன் கை வைக்க வேண்டும் என்பதுதான் பட்டறை வழக்கம். அவன் காத்திருக்கமாட்டான். கைப்பிடிக் குழிக்குள் இரண்டு கையையும் விட்டு, கதவில் தொங்குகிற மாதிரி ஒரே இழுப்பு. பட், பட், பட் என்று கிளிப்புகள் தெறிக்கும். பாதி உடையும். மிச்சம் இருப்பதை வைத்து மாட்டி, இடையில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டு வண்டியை அனுப்பிவிடுவான்.

அந்த வண்டி முதல் வேகத்தடையில் கடகடவென்று ஆடும். புகார் யாரிடம் வரும்? வேலைச் சீட்டில் டிரிம் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. வாடிக்கையாளர் ஓட்ட, நான் பின்பக்கம் சுருண்டு படுத்துக்கொண்டு பலகையில் காதை வைத்துக் கேட்பேன். ஐம்பத்தெட்டு வயதில், ஊரெல்லாம் பார்க்க, ஒரு காரின் டிக்கிக்குள் படுத்துப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு டீச்சரம்மா ஒரே சத்தத்துக்காக நான்கு முறை வந்தார். நான்காவது முறை முதலாளியிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே, “அவருக்குக் காது கேக்குதான்னு முதல்ல பாருங்க” என்றார்.

அவனிடம் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபமாகச் சொன்னேன். நல்ல நெம்பி ஒன்றைப் புதிதாகவே வாங்கிக் கொடுத்தேன். அதைக் கொஞ்ச நாள் முதுகு சொறிய வைத்திருந்தான். கடைசியாகச் சொன்னபோது அவன் சொன்னது இதுதான்: “மாமா, லைட்டு எரியுதா இல்லையா? சத்தம் வந்தா பாட்டு போட்டுக்கட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டிலும் அதே கதை. அவர்களுடைய அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது. என் மனைவிதான் வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அவன்தான் தம்பியும் பிள்ளையும். வந்தால் நேராகச் சமையலறைக்குப் போய் ஸ்பூன் இருக்கும் இழுப்பறையை இழுப்பான். ஒருநாள் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பழசுதானே என்றாள் இவள். அது போன மாதம் நான் மாற்றிய கைப்பிடி. பட்டறைக் கதையைச் சொன்னால், அவன் அப்படித்தான், நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன் என்பாள். ஒன்பது வருடம் விட்டுக்கொடுத்தேன்.

போன மாதக் கடைசியில் முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். புகார் அதிகமாகிவிட்டதாம். உங்களைக் குறை சொல்லவில்லை, வயது ஆகிறதல்லவா, இனிமேல் டிரிம்மையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் சீட் கவர் தையுங்கள் என்றார். உடைத்தவனிடமே வேலையைக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை, யாருக்கும் எரியும். அன்று சாயங்காலம் அவன் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். “இனிமே உங்களுக்கு ரெஸ்ட்டு மாமா” என்றான். இவள் கேக்கை வெட்டி எனக்குப் பெரிய துண்டாக வைத்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

என் கையில் இருந்த கடைசி டிரிம் வேலை அந்த வேன். டிக்கி வயர் அறுந்து வந்திருந்த உயரமான வண்டி, கண்ணாடியோடு சேர்த்துக் கதவு நல்ல கனம். டிக்கி கதவைத் தூக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு தண்டு இருக்கும், ஷாக் என்போம். அந்த வேனில் வலது ஷாக் கசிந்து செத்துப்போயிருந்தது. மொத்தக் கதவையும் இடது ஷாக் தாங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழ் நுனி ஓர் இரும்புக் குமிழின் மேல் உட்கார்ந்திருக்கும். நழுவாமல் இருக்க ஒரு கம்பிக் கிளிப் போட்டிருப்பார்கள், நகத்தளவுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது. கதவின் கனமே ஷாக்கைக் குமிழோடு அழுத்திப் பிடித்திருக்கும். கதவை உலுக்கினால் மட்டும்தான் நழுவும்.

முந்தின நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அந்தக் கிளிப்பை எடுத்துவிட்டுச் சோதித்தேன். முதலில் முறைப்படி, நெம்பியால் பதினொரு கிளிப்பையும் ஒவ்வொன்றாக விடுவித்தேன். கதவு அசையவில்லை. திரும்ப மாட்டினேன். பிறகு கைப்பிடியில் கயிறு கட்டி, தள்ளி நின்று, அவன் இழுப்பது போல் இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கதவு இறங்கியது. கீழே ஒரு பழந்துணி மூட்டையை வைத்திருந்தேன். மூட்டை கிழிந்துவிட்டது. இரண்டு டிரிம் கிளிப் உடைந்திருந்தது, புதிது போட்டேன். ஷாக்கைத் திரும்பக் குமிழின் மேல் உட்கார வைத்தேன். கம்பிக் கிளிப்பை மட்டும் போடவில்லை.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒழுங்காகக் கழற்றுகிறவனுக்கு அந்தக் கதவால் ஓர் ஆபத்தும் இல்லை. அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் விட்டேன்.

காலையில் மூன்று பேர் நிற்கும்போது அவனிடம் சொன்னேன். “தம்பி, நான் டீ குடிச்சிட்டு வந்து கழட்டித் தரேன். அதுவரைக்கும் கை வைக்காதே.” சரி மாமா, சரி மாமா என்றான், தலையை நிமிர்த்தாமலே. கை வைக்காதே என்றால் அவன் கை வைப்பான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் சொன்னேன்.

டீக்கடை எதிர்ப்பக்கம். பட்டறையில் ஒரு கிளிப் தெறித்தாலும் அங்கே எனக்குக் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. ஒருவேளை நிஜமாகவே எனக்காகக் காத்திருக்கிறானோ என்று தோன்றியது. அப்போது எழுந்து போயிருக்கலாம். சாலையைக் கடக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் இரண்டாவது டீ சொல்லியிருந்தேன், அது வந்துவிட்டது. பாதி குடித்திருப்பேன், கதவு விழுந்த சத்தம் கேட்டது. மீதியையும் குடித்துவிட்டுத்தான் போனேன்.

பூட்டு இருக்கிற கனமான ஓரம் பிடரியில் அடித்திருந்தது. அவனை வண்டியில் ஏற்றி எல்லோரும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். போகும் வழியிலேயே போய்விட்டான். நான் பட்டறையில் இருந்தேன். டிரிம் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போவது?

ஏழு கிளிப் விடுபட்டிருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. வேனின் படியில் ஒரு சின்ன டப்பா இருந்தது. அதற்குள் இரண்டு ஸ்க்ரூ, அவற்றின் இரண்டு மூடி, ஏழு கிளிப். மூடியின் மேல் துண்டுச் சீட்டில் வண்டி நம்பர், அவன் கையெழுத்தில். நான் வாங்கிக் கொடுத்த நெம்பி தரையில் கிடந்தது. அவனைத் தூக்கும்போது அது கையில் இருந்ததாக வெல்டர் சொன்னார். நெம்பியால் நெம்பும்போது கதவு ஏன் இறங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. நான் சோதித்தபோது இறங்கவில்லை. எட்டாவது கிளிப் இறுக்கமாக இருந்திருக்கும், பழக்க தோஷத்தில் கையால் இழுத்திருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும். டப்பாவின் சீட்டிலும் எந்த இடத்தில் எடுத்தது என்று எழுத மறந்திருந்தான்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். என் மேசையில் உங்கள் ஆட்கள் ஒரு டப்பாவைக் கண்டெடுத்தார்கள். அதில் அந்தக் கம்பிக் கிளிப். மேலே என் கையெழுத்தில் வண்டி நம்பர், ‘இடது ஷாக், கீழ் நுனி’. எடுத்ததை டப்பாவில் போட்டு எழுதி ஒட்டாமல் என் கை இருக்காது, என்ன செய்வது. அது உங்களுக்குப் போதாதா? அதை வைத்துக்கொண்டு, ‘கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்ட மறந்த தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினீர்கள். மறக்கிறவன் எந்த நுனி என்று எழுதி வைப்பானா? எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, வயதானால் மறதி சகஜம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பட்டறையில் யாரும் இப்போது என்னைக் ‘கிளிப்பு’ என்று கூப்பிடுவதில்லை. பாவம் பெரியவர் என்கிறார்கள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். இவள் என்னை மன்னித்துவிட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறாள். நான் சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுக் காலை திடீரென்று அவனைப் பற்றிப் பேசினாள்.

“முந்தின நாள் போன் பண்ணான். மாமா சொல்ற மாதிரியே கழட்டிக் காட்டப்போறேன்க்கா, அசந்துபோயிடுவாருன்னு சிரிச்சான்.” என் தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு, “உங்கள நான் தப்பா நினைக்கலைங்க. தெரிஞ்சா செய்வீங்க? கொஞ்சம் கவனமா இருந்திருந்தா அவன் இருந்திருப்பான், அவ்வளவுதான்” என்றாள்.

ஒன்பது வருடம் தம்பியின் பக்கமே நின்றவள், இப்போதும் என் வேலையைத்தான் குறை சொல்கிறாள். அதனால்தான் மூன்றாவது முறையாக வந்திருக்கிறேன். அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்ற அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தது என்று எழுதி, முத்திரை வைத்து அவளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டாள். நான் கவனமாகத்தான் இருந்தேன் என்பதை அவள் எழுத்தில் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் பிறகு என்மேல் அவளுக்கு ஒரு குறையும் இருக்காது.