கிளியம்மா மணல்

ஆத்துக்கு மேல பாலம் கிடையாது, தெருவுல விளக்கு கிடையாது, பனி மட்டும் உண்டு. அந்தக் காலத்துல வெள்ளாங்கரைன்னு ஒரு ஊர்ல சொர்ணக்கிளின்னு ஒருத்தி இருந்தாளாம். பின்னால டில்லியில மந்திரியா இருந்தாளே, அவதான். 'அவ'ன்னு சொல்லுதேன்னு கோவிச்சுக்காதிய. டில்லிக்காரன் வேணும்னா மரியாதை குடுக்கட்டும், எங்களுக்கு அவ வீட்டுப் பிள்ளை.

அப்ப துறையில ஒரு வழக்கம். தோணி அக்கரையில கிடக்கும். இக்கரையில நின்னு 'தோணியேய்'னு கூப்பிட்டா தோணிக்காரர் மாசானம் துடுப்புப் போட்டு வருவாரு. ஆனா கூப்பிடுதது மேலத்தெரு ஆளாத்தான் இருக்கணுமாம். கீழத்தெரு ஆளு வாயத் தொறக்கக் கூடாது. மேலத்தெருக்காரர் வந்து கூப்பிடுத வரைக்கும் காத்துக்கிடந்து, அவிய ஏறுன பொறவு ஒட்டிக்கிட்டுப் போகணும். இதையும் ஒரு வழக்கம்னு வச்சிருந்தானுவளே, அவனுவள என்ன சொல்ல.

சொர்ணக்கிளி கீழத்தெரு. ஒரு மார்கழி விடியக்காலம் அவ மதினிக்கு வலி வந்துட்டு. பிள்ளை குறுக்க கிடக்கு, ஆஸ்பத்திரி அக்கரையில. கட்டிலோட தூக்கிக்கிட்டுத் துறைக்கு வந்தா, மேலத்தெரு இன்னும் எந்திக்கல. ஆத்தைக் காணோம், வானத்தைக் காணோம், எல்லாம் ஒரே வெள்ளை. அண்ணன் கையப் பிசையுதான். இவ முட்டளவு தண்ணியில இறங்கிக் கூப்பிட்டா.

அந்தச் சத்தம் பனிக்குள்ள நடந்து போச்சாம். போய்க்கிட்டே இருந்துச்சாம். ரொம்ப நேரம் ஒண்ணுமில்ல. பொறவு துடுப்புச் சத்தம் வந்துச்சு, அதுக்குப் பின்னால தோணி வந்துச்சு. தாயும் பிள்ளையும் பிழைச்சிட்டாவ.

மேலத்தெருப் பெரிய வீட்டுக்காரர் மாசானத்தக் கூட்டியாரச் சொல்லிக் கேட்டாராம், "யாரு கூப்பிடுதான்னு தெரிஞ்சுதான் வந்தியா?"

"பனியில தெரு தெரியலங்கய்யா. சத்தந்தான் கேட்டுச்சு."

"இனிமே?"

"காதைக் கழத்தி வச்சிட்டாய்யா தோணி விட முடியும்?"

அதுல இருந்து கீழத்தெருவுக்கு அவதான் கூப்பிடுவா. தாலுகா ஆபீஸ்ல போய்க் கூப்பிட்டா, பள்ளிக்கூடம் வந்துச்சு. கலெக்டர் வாசல்ல நின்னு கூப்பிட்டா, குடிதண்ணி வந்துச்சு. ஊரு ஊரா ஜனம் வந்து, எங்களுக்கும் கூப்பிடும்மான்னுச்சு. ஓட்டுப் போட்டு மெட்ராசுக்கு அனுப்புனாவ, பொறவு டில்லிக்கே அனுப்புனாவ. தலை நரைச்ச பொறவு, ஊருக்கு வந்திருக்கையில சேதி வந்துச்சு. நீங்க மந்திரி, உடனே புறப்பட்டு வாங்க.

புறப்படுத அன்னைக்கும் பனி. துறையில கீழத்தெரு ஜனம் சுமையோட நிக்கி. தோணி அக்கரையில கிடக்கு.

"கூப்பிடலியா?"ன்னு கேட்டா.

"நீ வந்து கூப்பிடுவேன்னு நிக்கோம்."

"நான் டில்லியில இருக்கையில?"

"மேலத்தெரு ஆளு வரும்லா."

அதைக் கேட்டு அவ அப்படியே மணல்ல உக்காந்துட்டா.

கூட வந்த கட்சிக்காரர் பதறுதாரு. "அம்மா, ரயில் போயிரும். இன்னைக்கு விட்டா பதவிய வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. ஒரு சத்தம் குடுங்க."

"போனாப் போகட்டும். நான் கூப்பிட மாட்டேன். நீரும் கூப்பிடக் கூடாது."

பதவி வேண்டாம்னு இல்ல, ரொம்ப ஆசை. கண்ணுல தண்ணி நிக்கி. ஆனாலும் வாயத் தொறக்கல. வெள்ளைப் பனி மெல்ல மஞ்சளாச்சு. எங்கயோ ஒரு கொக்கு கத்துச்சு. அந்த நேரம் ஒரு கனவு மாதிரி நீண்டுக்கிட்டே போச்சாம்.

கடைசியில சீனித்தாய்னு ஒருத்தி புல்லுக்கட்ட இறக்கி வச்சிட்டுத் தண்ணியில இறங்குனா. கூப்பிட்டா. சத்தம் வரல. திரும்பக் கூப்பிட்டா, பாதி வந்துச்சு. பக்கத்துல ஒரு கிழவர் சேந்துக்கிட்டாரு. பொறவு ஒவ்வொருத்தரா, பொறவு தெருவே கூப்பிட்டுச்சாம். பனிக்குள்ள துடுப்புச் சத்தம் கேட்டுச்சு.

ரயில் தாமதமா வந்துச்சுன்னும் சொல்லுதாவ, அவளுக்காக நின்னுச்சுன்னும் சொல்லுதாவ. எப்படியோ ஏறிட்டா. டில்லியில பதவி ஏத்துக்கிடுத நேரம், வாய் அது பாட்டுக்கு உறுதிமொழி சொல்ல, காதுக்குள்ள தெரு கூப்பிடுத சத்தமே கேட்டுக்கிட்டிருந்துச்சாம்.

இப்ப பாலம் வந்துட்டு, தோணி போயிட்டு. அந்த மணலுக்குக் கிளியம்மா மணல்னு பேரு. எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேக்க வந்தாலும் முதல்ல அதுல உக்காரணும். மாலை கிடையாது, மைக் கிடையாது. ஊரு பேசும், அவிய கேக்கணும். போன தேர்தலுக்கு வந்தவரு வெயில் தாங்காம ரெண்டு தரம் எந்திக்கப் பாத்தாரு. "உக்காருங்கய்யா, நான் இன்னும் முடிக்கல"ன்னுட்டா ஒருத்தி.