கட்டைவிரல் திறக்கும் விதம்

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் மேடம். இருந்தாலும் குடித்துவிட்டேன். உபசரிப்பைக் குறை சொல்வது என் வழக்கமில்லை.

என் பெயர் கோதண்டம். வில்லைக் குறிக்கும் பெயர் அது. நான் சொல்லித்தான் பலருக்குத் தெரியும். எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் பாதுகாப்பு அதிகாரி. வாட்ச்மேன் அல்ல, விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிறவன். ஹெல்மெட் போடச் சொல்வேன், விசில் ஊதுவேன். யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் யாராவது செய்தாக வேண்டும்.

வில்வித்தைக் குழுவை ஆரம்பித்தவனும் நான்தான். யார்டு மதிலுக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த காலி மனையைச் சுத்தம் செய்து, வைக்கோல் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதில் இலக்குத் தாளை ஒட்டினோம். சனிக்கிழமை காலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். போட்டிகளில் மூன்று விரலால் நாணை இழுப்பார்களே, அது எங்களுக்கு ஆகாது. ஆசியாவின் பழைய முறை கட்டைவிரல் முறை. கட்டைவிரலை நாணில் கொக்கி போல மாட்டி, அதன் மேல் ஆள்காட்டி விரலைப் பூட்டாக வைக்க வேண்டும். நாண் அறுக்காமலிருக்க விரலுக்கு ஒரு வளையம். இழுப்பதை யாரும் பழகிவிடலாம். விடுவதில்தான் வித்தை. ஆள்காட்டி விரலைத் தளர்த்தினால் போதும், கட்டைவிரல் தானாகத் திறந்துகொள்ளும். நாம் எதுவும் செய்யக் கூடாது.

இதை நான் துருக்கிக்காரர், கொரியாக்காரர், மங்கோலியர் என்று பலரிடம் கற்றேன். யூடியூபில்தான், ஆனால் கற்றது கற்றதுதானே. ஆசான் என்று கூப்பிடும்படி யாரையும் நான் கட்டாயப்படுத்தியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் என் பெயரை அப்படிப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞானதுரை பிறகு வந்து சேர்ந்தவர். ராயபுரத்தில் செல்போன் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். எந்நேரமும் சிரிப்பு, எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல். வந்த சில வாரங்களிலேயே அவருடைய அம்புகள் நடு வட்டத்தில் இறங்கத் தொடங்கின. புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி அதிர்ஷ்டம் அடிப்பதுண்டு. என் அம்புகள் அப்போது சற்று இடம் வலமாகப் போய்க்கொண்டிருந்தன. கட்டைவிரலும் வீங்கிக் கருநீலமாகியிருந்தது. எண்ணூர்க் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு சனிக்கிழமை எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, நீ எங்க அம்ப வுட்ற? புடுங்கிகினுல்ல கீற" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்று மத்தியானமே குழுவில் 'புடுங்கி ஆசான்' என்று எழுதினார். நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆளாளுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

தவ்ஃபீக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டையில் தோல் பொருள் வியாபாரம் செய்கிறார். எங்கள் எல்லாருக்கும் தோல் வளையம் தைத்துக் கொடுத்தவர். நல்ல மனிதர், பயந்த சுபாவம். ஒரு மாலை நாங்கள் இருவர் மட்டும் பயிற்சியில் இருந்தோம். நாணை முழுக்க இழுத்து நின்றவரை ஏதோ கேட்பதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திடுக்கிட்டதில் ஆள்காட்டி விரல் தளர்ந்து அம்பு போய்விட்டது. திரும்பவும் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவும் போனது.

"ஆசானே, யார்னா கூப்ட்டா என் கை தானா தொறந்துக்குது. இத எப்பிடி மாத்துறது?" என்று கேட்டார்.

மாற்றுவதற்குப் பயிற்சி இருக்கிறது. சொல்லித்தரத்தான் வாயெடுத்தேன். பிறகு, "மாத்த வேணாம் தவ்ஃபீக், அதான் இயல்பு" என்றேன். ஆபத்து எதையாவது கண்டால் உடனே எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது என் தொழிலில் விதி. ஆனால் அன்று நான் டியூட்டியில் இல்லை.

சம்பவம் நடந்த சனிக்கிழமை ஞானதுரை வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மணலில் அம்பு தேடிக்கொண்டிருந்தார். காதில் இயர்போன், மறுநாள் சர்ச்சில் வாசிக்க வேண்டிய பாட்டு. காதை அடைத்துக்கொண்டு அம்பு பொறுக்கப் போகக் கூடாது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டதில்லை. மற்றவர்கள் மதிலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தவ்ஃபீக் அப்போதுதான் வந்து வில்லை எடுத்தார். அவருக்கு வைக்கோலின் முன்பக்கம் மட்டுமே தெரியும். நான் பக்கவாட்டில் நின்றேன். எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

எய்யலாம் என்பதற்கான விசிலை ஊதினேன். தவ்ஃபீக் நாணை இழுத்தார். ஞானதுரை வைக்கோலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, இலக்குக்குக் கீழே குனிந்து கால் மணலைத் தட்டினார். தவ்ஃபீக்கின் கண் நடு வட்டத்தை விட்டு அசையவில்லை. அவர் நிமிரும் வரை காத்திருந்தேன். பிறகு, "தவ்ஃபீக்" என்று கூப்பிட்டேன்.

கழுத்தில் பட்டது. முதலில் ஓடியவன் நான்தான். ஆம்புலன்ஸில் அவர் தலை என் மடியில் இருந்தது. அம்பைப் பிடுங்கப் போனவர்களைத் தடுத்தேன். பிடுங்கக் கூடாது, ரத்தம் நிற்காது. முதலுதவியில் அது பாலபாடம். அவருக்கும் அதைக் காதோடு சொன்னேன். கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போனது.

ஞானதுரை பின்னால் இருப்பது தெரியாமல் விசில் ஊதிவிட்டேன் என்றும், நான் கூப்பிட்டது எச்சரிக்கை என்றும் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அடக்கத்தின்போது ஞானதுரையின் மனைவி ஷெர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் கத்துனீங்களேண்ணா" என்று அழுதார். அந்த நேரத்தில் மறுத்துப் பேசுவது நாகரிகமில்லை.

பிறகு தவ்ஃபீக்கின் மனைவி தாஹிரா மணலி புதுநகரில் என் வீட்டுக்கே வந்தார். "ஜாமீன்ல வந்ததுலேர்ந்து அவரு அந்தக் கையால எதையும் தொட்றதில்லண்ணே. சோறுகூட எடது கையால துன்றாரு. கட தொறக்கல. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு" என்றார்.

போனேன். ஆறுதல் சொன்னேன். இறைவன் மன்னிப்பான் என்றேன். அவர் தலையைக் குனிந்தபடியே, "நீங்க தடுக்கத்தான் பாத்தீங்க. என் கைதான் நழுவிடுச்சு" என்றார். இங்கே உங்கள் ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பேப்பரிலும் வந்துவிட்டது: முறையான பயிற்சி இல்லாததால் கை நழுவி விபத்து என்று.

அதுவரை நான் நிம்மதியாகத்தான் இருந்தேன் மேடம். அந்த ஒரு வரிதான் என்னை இங்கே வரவழைத்தது. ஒரு நல்ல மனிதர் செய்யாத தவறைச் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அந்தக் கை நழுவவில்லை. பூட்டு தளர்ந்தது, கட்டைவிரல் திறந்தது, நாண் நேராகப் போனது. எங்கள் மைதானத்தில் அத்தனை சுத்தமாக யாரும் அம்பு விட்டு நான் பார்த்ததில்லை. அதைப் போய்ப் பயிற்சி இல்லாத கை என்று எழுதலாமா?

ஞானதுரை பின்னால் இருப்பது தெரிந்துதான் விசில் ஊதினேன். அம்பு போகும் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். கொன்றது நான். தவ்ஃபீக்கை விட்டுவிடுங்கள்.

காரணம் கேட்பீர்கள். உங்களுக்குச் சரியென்று படுவதைப் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் வேண்டாம் மேடம். ஞானதுரையின் கை அப்படியொன்றும் பிரமாதமில்லை.