எட்டாம் எண் லேத்துக்கு மேலே

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது ஐயா. பழைய குழல்விளக்குகளைக் கழற்றி எல்.இ.டி. மாட்டிய அன்று, கீழே விழுந்த திருகாணியைக்கூடத் தேடாமல் எடுக்க முடிந்தது. பட்டறையின் பாதுகாப்பு என் பொறுப்பு. விளக்கைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். முதலாளி எல்லோர் முன்னாலும் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள், மூலையிலிருந்த எட்டாம் எண் லேத்தில் என் தம்பி இரும்பைச் சுழலவிட்டுச் சீவிக்கொண்டிருந்தான். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக் அசையாமல் நின்றது. ஆனால் இரும்புச் சீவல் சுருள் சுருளாக உதிர்ந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். அப்போதுதான் சக் சுற்றுவது தெரிந்தது.

கைபேசிக் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தேன். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. நான் வாங்கிய விளக்கு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. லேத்தின் வேகம் அதோடு ஒத்துப்போனால், சுற்றுவது நிற்பதாகத் தெரியும். மற்ற லேத்துகள் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. அப்படி அணைந்து எரியாத பழைய குண்டு பல்பு ஒன்றை எட்டாம் எண்ணுக்கு மேல் மாட்டினால் போதும். கால் மணி நேர வேலை.

மாட்டவில்லை. மாட்டினால் ஏன் என்று கேட்பார்கள். முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? மறுநாள் தம்பியை மூன்றாம் எண்ணுக்கு மாற்றினேன்.

காலியான இடத்தை ஒருவன் கேட்டு வந்தான். தேய்த்த சட்டையும் படியச் சீவிய தலையுமாக வருவான் என்பதால் பட்டறையில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

"எட்டாம் நம்பரை எனக்குக் குடுங்கண்ணே. மூலையில இருக்கு, கண்டவன் வந்து தொணதொணக்க மாட்டான்."

"எடுத்துக்கப்பா" என்றேன்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் அவனிடம் போனேன், சொல்லிவிடத்தான் போனேன். அவன் ஏதாவது கிண்டலடிப்பான். சிரித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள், லேத்தை ஓடவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். தப்புதான், ஆனால் எல்லோரும் செய்வதுதான். திரும்பி வந்தவன், நிறுத்திவிட்டுத்தான் போனோம் என்று நினைத்தான். அந்த இரைச்சலில் ஒரு லேத் ஓடுகிறதா என்று காதுக்குத் தெரியாது. கண்ணை நம்பினான். துணியை எடுத்துச் சக்கைத் துடைக்கக் கை நீட்டினான்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நின்னுட்டுத்தாண்ணே இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"சரிப்பா, பேசாம படு" என்றேன். மூன்றாம் நாள் இறந்துபோனான். விபத்து அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியது என் கைதான். அவன் மனைவி அதைப் படித்துவிட்டு, "அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லையேண்ணே" என்றாள். நான் பாவி ஐயா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு எட்டாம் எண்ணில் இரண்டு பேர் மாறி மாறி வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து ஏன் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான் ஐயா. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. மனிதன் எத்தனை நாள்தான் தாங்குவான்? அதோடு, நாளை முதல் எட்டாம் எண்ணில் என் தம்பி நிற்க வேண்டும் என்று இன்று மதியம் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.