தரையில் ஈரமில்லை

வாக்குமூலம் கொடுப்பவர்: ஒயின் ஆலையில் சுவை பார்த்துக் கலவை சேர்ப்பவர், புகார் கொடுத்த ஆலை முதலாளியின் அண்ணன் மகள். வயது இருபத்தாறு. விலாசம்: மேற்படி ஆலையின் மாடி அறை.

ஓட்டல் விருந்துக்குப் போன பெட்டியைப் பற்றி முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வரிசைப்படிதான் எழுத முடியும் என்று அதிகாரி சொன்னதால் வரிசைப்படி சொல்கிறேன்.

எங்கள் வெள்ளை ஒயின் இரண்டு திராட்சைகளின் கலவை. மலைச்சரிவின் குளிரில் விளையும் சோவிஞான் வெடுக்கென்று புளிக்கும். ஆற்றோரச் சமவெளியில் விளையும் செமியோன் வழவழவென்று நாக்கில் நிற்கும். "மருமகளையும் மாமியாரையும் ஒரே வீட்ல குடிவச்சிருக்கேன், சண்டை வருதா பாருங்க" என்று சித்தப்பா வாங்க வருபவர்களிடம் சொல்வார். வேகவைத்த மீன், இறால், எலுமிச்சை பிழிந்த கோழி ஆகியவற்றோடு இது சேரும்.

வாங்கும்போது ஆப்பிளைக் கடித்துவிட்டு ருசி பார், விற்கும்போது சீஸ் கொடு என்பது தொழிலில் உள்ள பழக்கம். ஆப்பிள் குறையைக் காட்டிக்கொடுக்கும், சீஸ் மூடிவிடும். நேற்று கலவைத் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியை எல்லோரும் சீஸோடு ருசி பார்த்து, வழக்கம்போல் விழுங்காமல் துப்பிவிட்டு, இந்த வருடம் போல் அமைந்ததே இல்லை என்றார்கள். நான் ஆப்பிளைக் கடித்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு திராட்சைக்கும் சொந்தமில்லாத ஒரு தித்திப்பு இருந்தது.

அதன் பிறகு தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்ததில், குழாயில் ஓடும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் பாதிக்கு இறங்கியிருந்தது. ஆலைக்கு உரியது வந்து சேராததால் லாரி ரேடியேட்டருக்கு ஊற்றுவதை ஊற்றியிருந்தார்கள். அது தித்திக்கும், குடித்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளியே கசிந்திருக்கிறதா என்று குழாய் நெடுகிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையில் ஈரமில்லை.

அதன் பிறகு சித்தப்பாவிடம் சொன்னேன். "அது செமியோன் தித்திப்பும்மா. எல்லாரும் நல்லாருக்குங்கிறாங்க, உன் நாக்கு மட்டும் என்ன நீதிபதியா?" என்றார். ஆய்வுக்கு அனுப்பச் சொன்னதற்கு, காலையில் பாட்டிலில் அடைத்தாக வேண்டும் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடிக்கும் தொட்டிக்குமாக நடந்தேன். அதன் பிறகு, இன்று காலை ஆட்கள் வருவதற்கு முன் தொட்டியின் கீழ் வால்வை நான்தான் திறந்துவிட்டேன். ஒரு பாட்டில் மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுமில்லை என்று ஆய்வில் வந்தால் நான் செய்தது குற்றம்தான்.

அதன் பிறகு என்னை இங்கே ஸ்டேஷனுக்கு அழைத்து வந்து என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெஞ்சில் காத்திருந்தபோது சித்தப்பா யாரிடமோ, "மத்தியான விருந்து ஏன் நிக்கணும்? நேத்தே ஒரு பெட்டி ஓட்டலுக்குப் போயிடுச்சு" என்று போனில் சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பெட்டியும் விருந்துக்காக முன்கூட்டியே இதே தொட்டியில் பிடித்தது. விருந்தில் யாரும் துப்பமாட்டார்கள். அதைச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அதன் பிறகு, "ஓட்டல் விருந்துல முதல் கிளாஸ் சித்திதான் குடிச்சுக் காட்டுவாங்க, சித்தப்பா" என்றேன். அவர் சித்திக்குப் போன் போட்டார். இந்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டியபோதும் அவர் போனைக் காதிலிருந்து இறக்கவில்லை.

மேலே கண்டவை யாவும் நான் அறிந்தவரை உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை. கையெழுத்துப் போடும் இந்த நேரம்வரை சித்தி போனை எடுக்கவில்லை.

(கையொப்பம்)