மஞ்சள் சட்டைகள் தோற்காத சீசன்

"உனக்குக் கால்பந்து பிடிக்குமாம்மா?" என்று கண் டாக்டர் என்னிடம் ஒருமுறை கேட்டார். பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து மாமா மஞ்சள் சட்டைக் குழுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். துணைக்கு வந்தவளையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். இல்லை என்று தலையாட்டினேன். அது பொய்யில்லை. பந்தை யாரும் உதைத்து நான் நேரில் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்தது திங்கட்கிழமைப் பேப்பரின் கடைசிப் பக்கம் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அம்மா பிரசவ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். மாமா அவளுடைய தம்பி, தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்தபின் கடையைக் காலி செய்துவிட்டு, தையல் மெஷினோடு எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்தார். மூன்றாவது ஆள் நான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் என் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு அதுவே பழகிவிட்டது. வீட்டில் எனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர்.

மாமாவுக்கு முன்னால் மட்டும் எனக்குக் குரல் வந்தது. அவருக்கு என் முகம் தெரியாது என்பதால் இருக்கலாம். நான் வாசித்தால் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட மெதுவாக விட்டுக் கேட்பார்.

மஞ்சள் சட்டைகள் ஆடியது இரண்டாம் டிவிஷனில். அந்த ஆட்டங்களை எந்த டிவியும் காட்டாது. சனி, ஞாயிறில் நடந்ததெல்லாம் திங்கட்கிழமைப் பேப்பரில், மெத்தைக் கடை விளம்பரத்துக்கு மேலே, உள்ளங்கை அளவு இடத்தில் வரும். அந்த உள்ளங்கையில்தான் மாமாவின் வாரம் முழுவதும் இருந்தது. மஞ்சள் சட்டைகள் தோற்றால் சாப்பிட மாட்டார். அவர்கள் அநேகமாக எல்லா வாரமும் தோற்றார்கள்.

அவர்கள் துறைமுகக் குழுவிடம் நாலு கோல் வாங்கிய வாரம், நான் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வாசித்தேன். ஜெயித்தது நம்மவர்கள் என்றும் வாசித்தேன்.

"யாருடி போட்டது?"

"கார்னர் உதையில தலையால முட்டி..."

"யாரு முட்டினது?"

"புதுசா வந்த விங்கர்."

மாமா அன்று இரண்டாவது முறையும் தட்டை நீட்டினார். நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் வயிறாரச் சாப்பிட்டார். யாருக்கு என்ன நஷ்டம்? துறைமுகக் குழுவுக்குக்கூட நஷ்டமில்லை. அவர்களுக்கு இது தெரியவே போவதில்லை.

ஆனால் ஒரு கோல் போட்டுவிட்டு நிறுத்த முடியாது என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. புள்ளிப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. நம்மவர்களை மேலே ஏற்றினால் இன்னொருவரைக் கீழே இறக்க வேண்டும். நான் கணக்கில் மட்டம். ஒருமுறை நீலச் சட்டைகளை ஒரே நாளில் இரண்டு ஊரில் ஆடவிட்டேன்.

"அப்ப ரெண்டு இடத்துலயும் தோத்தானுங்களா?" என்றார் மாமா, ரொம்ப சந்தோஷமாக.

"அச்சுப்பிழை மாமா."

"பிழையா இருந்தா என்ன, நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவ வாசி."

நீலச் சட்டைகளின் ரசிகர் தெருமுனைச் சலூன்காரர், மாமாவின் பழைய நண்பர். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சவரம் செய்துவிட்டு, கூடவே வம்பும் இழுத்துவிட்டுப் போவார். சீசன் தொடங்கும்போது இருவரும் மீசையைப் பந்தயம் வைத்திருந்தார்கள். பட்டியலில் யாருடைய குழு கீழே இருக்கிறதோ, அவருடைய மீசை போகும். சலூன்காரர் வாயைத் திறந்தால் என் ஒன்றுக்குப் பூஜ்யம் என்னாவது? அதனால் அவர் கதவைத் தட்டும்போது நான் திறக்கவில்லை. சில வாரம் தட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். தோற்ற வெட்கத்தில் வரவில்லை போல என்று மாமாவிடம் சொன்னேன். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். சவரம் செய்ய நானே கற்றுக்கொண்டேன். இரண்டு மூன்று வெட்டுக்குப் பிறகு கை பழகிவிட்டது. நண்பர் வராத குறையே அவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

மைதானத்தின் ஓரமாகவே ஓடும் அந்த விங்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பேப்பரில் இல்லை. நான் வைத்த ஆள். குள்ளமானவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். நிருபர்கள் மைக்கை நீட்டினால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். மாமாவுக்கு அவன் மேல் உயிர்.

"உன்ன மாதிரியே ஒருத்தன்டி குட்டி. வாயத் திறக்க மாட்டேங்கிறான், கால்ல பேசுறான். ஊமைக்குசும்பன்."

பேர் அப்படியே நின்றது. திங்கட்கிழமை காலையில் கண்ணைத் திறந்ததும், "நம்ம ஊமைக்குசும்பன் என்னடி பண்ணான்?" என்பார். நான் சாப்பிட்டேனா என்று முன்பெல்லாம் கேட்பார். அது கொஞ்சம் குறைந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் அளவுநாடாவை எடுத்தார். "அவன் உன் உயரம்தான்னு வாசிச்சயில்ல? வா, நில்லு." என் தோளையும் முதுகையும் அளந்து, கைத்தடவலிலேயே ஒரு மஞ்சள் சட்டை வெட்டித் தைத்தார். தையல் கோணவில்லை. முடித்ததும் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா வரட்டும். ஆபரேஷன் பண்ணிக்கப்போறேன்."

கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று அதுவரை பிடிவாதம் பிடித்தவர். டாக்டர் பரிசோதித்த நாளிலேயே, "முத்த விடாதீங்க, அப்புறம் கண்ணு கையவிட்டுப் போயிடும்" என்று எச்சரித்திருந்தார். அதற்கும் அவர் மசியவில்லை.

"அந்தப் பயல ஒரு தடவ கண்ணால பாக்கணும்டி. சட்டையக் கையில குடுக்கணும். அவ்வளவுதான்."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ வாசிச்சு வாசிச்சு அவன் மனசக் கரச்சிட்டடி" என்றாள். அது உண்மைதான்.

இப்போது என் நிலைமையில் உங்களை வைத்துப் பாருங்கள். கண் வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார். அங்கே மஞ்சள் சட்டைகள் அடியில் கிடப்பார்கள். விங்கர் இருக்கவே மாட்டான். ஒரு மனிதரின் சந்தோஷத்தை அப்படித் தட்டிப் பறிக்கலாமா? அம்மா வாங்கி வந்த ஆபரேஷன் தேதியை உறுதிசெய்யக் கண் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். மாமாவுக்கு விடாத இருமல், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். போனில் என் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று எனக்கே தெரியாது. மாமாவிடமும் அம்மாவிடமும், கண் ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேராம், தள்ளி வைத்திருக்கிறார்கள் என்றேன். அடுத்த மாதமும் இருமலே சொன்னேன். புதிதாக ஒன்று யோசிக்கத் தோன்றவில்லை.

அவருடைய அவசரத்தைக் குறைக்க வேண்டும் என்று, ஒரு திங்கட்கிழமை விங்கரின் காலை முறித்தேன். ரயில்வே குழுவின் தடுப்பாட்டக்காரன் குறுக்கே பாய்ந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று நான் வழக்கத்தைவிட நன்றாக வாசித்தேன். மாமா தான் தைத்த மஞ்சள் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு, "அடிபட்டுக் கெடக்குறான், நான் இங்க ஒக்காந்திருக்கேன் பாரு. எப்படி செஞ்சா சீக்கிரம் ஆபரேஷன் பண்ணுவானுங்க?" என்றார்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய இடது கண் சிவந்தது அந்த வாரம்தான். தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அம்மா வேலையிலிருந்து ஓடி வந்தாள், கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். புரை முற்றி, உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம், இடது கண் இனி வராது.

"ரெண்டு தேதி குடுத்தோமே, ஏம்மா கூட்டிட்டு வரல?"

"மெஷின் ரிப்பேர்னு நீங்கதானே தள்ளி வெச்சீங்க?" என்றாள் அம்மா.

நர்ஸ் குறுக்கிட்டாள். "எந்த மெஷினும் ரிப்பேர் ஆகல. உங்க வீட்டுலேருந்து ஒரு பொண்ணுதான் இருமல்னு சொன்னது. அழகா, நிறுத்தி நிதானமா பேசுச்சே, வாசிக்கிற மாதிரி."

"எங்க வீட்டுல அப்படிப் பேசுற பொண்ணு யாரும் இல்லீங்க" என்றாள் அம்மா. "இருக்கிறது ஒண்ணு. அது வாயில்லாப்பூச்சி."

அம்மா மனதறிந்து பொய் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த மாமா மட்டும், நான் நின்ற பக்கமாக மெல்லத் தலையைத் திருப்பினார்.

வலது கண்ணில் ஆபரேஷன் நன்றாக நடந்தது. கட்டுப் பிரித்த நாள், அது திங்கட்கிழமை, அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டதால் நான்தான் அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன். சலூன் வாசலில் நின்றுவிட்டார்.

"வாய்யா டைலரு" என்றார் சலூன்காரர். "கதவ சாத்திக்கிட்டு ஒளிஞ்சிருந்தா மீச தப்பிச்சிருமா? மூணாம் டிவிஷனுக்கு எந்தப் பக்கம் போகணும்னு தெரியுமா? உங்காளுங்களத் தள்ளி விட்டாச்சு."

மாமா சிரித்தார். சலூன்காரர் அன்றைய பேப்பரை விரித்து நீட்டினார். மாமா அதை வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மெத்தைக் கடை விளம்பரம் வரைக்கும் மெதுவாக வாசித்தார்.

"அந்தக் குள்ளப் பையன் கால் எப்படி இருக்கு? விங்கரு?"

"எந்தக் குள்ளன்? உங்க டீம்ல எல்லாம் பனைமரம், அதான் ஓட முடியல."

மாமா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "எடுத்துரு" என்றார். சலூன்காரர் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துக் கையை உதறினார். மாமா மீண்டும் எடுக்கச் சொன்னார். மீசை போனதும் அவர் முகம் எனக்கே புதிதாக இருந்தது. அதில் அத்தனை நாள் என் கையால் சவரம் செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேப்பரை என்னிடம் நீட்டி, "வாசி" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் வாசித்ததே இல்லை. முதல் இரண்டு வார்த்தை தொண்டையில் நின்றது. பிறகு குரல் வந்துவிட்டது. மைதானம் நிரம்பி வழிந்தது என்று வாசித்தேன். கால் ஆறிய விங்கர் இரண்டாம் பாதியில் இறங்கினான், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று வாசித்தேன். மாமாவின் ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கேட்கக் கேட்க அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். இதற்காகத்தான் எல்லாம் செய்தேன். எனக்காக எதுவும் செய்துகொள்ளவில்லை.

கோல் விழ வேண்டிய நேரத்தில் மாமா எழுந்தார். மஞ்சள் சட்டையை எடுத்து விரித்து, என் தோளில் வைத்து அளவு பார்த்தார். சரியாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.