கரிமணலில் எழுதிய அகரம்

என் பெயர் அருமைநாயகம். குற்றாலத்துப் பள்ளியில் அரிச்சுவடி வகுப்பின் ஆசிரியன். பள்ளி விட்டதும் நேரே சிற்றருவிக்குச் சென்று, உடுத்த வேட்டியையும் அலசிக் குளித்த பின்னரே வீட்டினுள் அடியெடுத்து வைப்பது என் வழக்கம். வகுப்பில் பரப்பிய மணலைப் பற்றித் தாளாளராகிய தாங்கள் கேட்டமையால் ஒளிவின்றி விடையளிக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் இங்கிலாந்தில் அணு உலையொன்று தீப்பற்றியது. சுற்றுப்புறத்துப் பாலையெல்லாம் கொட்டினார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அதனையொட்டித் தென்காசி வாசகசாலையில் ஒரு விவாதம் நடந்தது. கதிர்வீச்சு சிறிதாயின் தீங்கில்லை என்றேன். கொல்லம் கடற்கரையின் கரிமணலில் அஃது இயல்பாகவே உண்டு. அம்மணல்மீது மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள் என்றும் எடுத்துக்காட்டினேன். மருத்துவர் வீரபாகு எழுந்தார்.

"தீங்கு இன்னைக்கே தெரியுமா, சார்வாள்? இருவது வருசம் கழிச்சுல்லா தெரியும். அதுவும் சின்னப் பிள்ளையளுக்குத்தான் மொதல்ல."

"தெரியாததை எப்படிவே அடிச்சுச் சொல்லுதீரு?"

"அப்போ இருந்து பாரும். அதுக்குள்ள சாட்சி சொல்ல உமக்குப் பல்லு இருக்காது."

சபை சிரித்தது. எனக்குச் சினம் வரவில்லை. அவர் கேட்டது முறையென்றே பட்டது. பிள்ளைகளும் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டும் என்னிடம் இருந்தன.

நம் பள்ளியில் முதல் எழுத்தைத் தரையில் பரப்பிய மணலில்தான் விரலால் எழுதுவிக்கிறோம். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயிலில் கருவாடு கொண்டுவரும் துல்கர்னைனிடம் அக்கடற்கரை மணல் இரண்டு சாக்கு கேட்டேன்.

"ஆத்து மணலுக்கு என்ன கேடு, சார்வாள்? இது கரிச்சட்டி மாதிரில்லா இருக்கு."

"எழுத்து தெளிவாத் தெரியும்வே."

அது பொய்யன்று. கறுப்பு மணலை விரல் விலக்க, வெள்ளைத் தரையில் அகரம் பளிச்சென்று தெரிந்தது. தம் மகள் ராபியாவை முன்வரிசையில் உட்கார வைக்குமாறு துல்கர்னைன் வேண்டிக்கொண்டார்; அவ்வாறே செய்தேன். எழுத்துப் பிழைத்தால் பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டு மறுபடியும் எழுதுவார்கள். நான் தடுத்ததில்லை. தடுத்திருந்தால் சோதனை பழுதாகியிருக்கும்.

ஆண்டுகள் நான்கு ஆயின. இப்போது ராபியாவின் கழுத்தில் ஒரு கட்டி. "மணலாலன்னு சொல்லவும் முடியல, இல்லன்னு சொல்லவும் முடியல" என்றாராம் வீரபாகு. என் கட்சியும் அதுவே. ஒரு பிள்ளையைக்கொண்டு முடிவு கட்டலாகாது. துல்கர்னைன் என்னிடம் வந்து, "நான் சொமந்துட்டு வந்த மணலா, சார்வாள்?" என்று மட்டும் கேட்டார். மணலில் குற்றமில்லை என்று சொல்லியனுப்பினேன்.

மணலை அள்ளிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டா. மருத்துவர் குறித்த கெடுவுக்கு இன்னும் நெடுங்காலம் உள்ளது. மணலால் தீங்கில்லை என்பதில் எனக்கு ஐயமும் இல்லை.

என் பேத்தி வள்ளித்தாய்க்கு ஐந்து வயது நிரம்பிவிட்டது. ஒப்பிட்டு நோக்க, இம்மணலைத் தொடாத பிள்ளையொன்று வேண்டுமல்லவா? அவளை வடகரைப் பள்ளியில் சேர்ப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.