ஒன்பதே முக்காலுக்குத் திறக்கும் கதவு

இரவு ஒன்பதரை. புறவழிச் சாலை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள்... மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் கம்பி வேலி. தெருவிளக்கில் ஒன்று எரிந்தால் அடுத்தது எரியாது. ஒருவர் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்கிறது. யாரும் அழைக்கவில்லை. அவர் செத்துப்போனதற்காக முன்பின் தெரியாதவர்களெல்லாம் இரங்கல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சிரிக்கிறவர்கள் அந்த ஓரமாகப் போய் உட்காருங்கள். கரண்ட் எப்போது வரும் என்று இனி யாரும் என்னிடம் கேட்கக் கூடாது. நடுவில் பேசினால் நிறுத்திவிடுவேன்.

இது என் நண்பன் ஒல்லியின் அக்கா வீட்டில் நடந்தது. ஒல்லி இப்போது ஒல்லி இல்லை, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கதை விடுகிற ஆளும் இல்லை. பார்த்த சினிமாவைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவன். ஸ்கூட்டரில் போனது அவன் அக்காவின் கணவர். அவனுக்கு மச்சான்.

மச்சானுக்கு வேலை, ஃபேஸ்புக் பக்கம் ஒன்றுக்கு எழுதுவது. நம்பினால் நம்புங்கள் என்று தொடங்குமே, அந்த மாதிரி. லாட்டரி அடித்த மறுநாளும் பெருக்க வந்த அம்மாள். எஜமானைத் தேடி மலை தாண்டிய நாய். பாதி வேறு எங்கிருந்தோ எடுத்தது, பாதி அந்த ஆபீஸ் அறையிலேயே பிறந்தது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் படத்தைப் போட்டால் யாராவது உரிமை கேட்டு வருவார்கள். அதனால் அவரவர் போனில் இருக்கும் வீட்டுப் படங்களையே போடுவார்கள், முகம் தெரியாமல். கணக்கரின் அப்பா உலகத்திலேயே வயதான பஸ் டிரைவர் ஆனார். மேலாளரின் நாய் நாலு முறை உயிர்த்தியாகம் செய்தது. அது இன்னும் அவர் வீட்டில் சோபாவைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் மச்சானுக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லை. போனில் தேடியதில் ஒரு படம் அகப்பட்டது. அக்கா கதவைத் திறந்து நிற்கிறாள், பின்னாலிருந்து எடுத்தது. அன்று பார்சல் வாங்கப் போனாளாம். கீழே இவர் எழுதினார்... கணவன் விபத்தில் இறந்தது தெரிந்தும், தினமும் இரவு ஒன்பதே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறக்கிறாள் இந்தப் பெண். வாசலில் யாரும் இருப்பதில்லை.

ஒன்பதே முக்கால் என்று ஏன் போட்டார்? அவர் வீடு சேரும் நேரம் அதுதான். வேறு நேரம் வாயில் வரவில்லை.

"அந்தக் கதையா? அத நானே ஷேர் பண்ணியிருக்கேனே," என்றார் எலக்ட்ரீஷியன். எங்கள் கூட்டத்தில் எதையும் நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

"பண்ணினீங்களா? சரி... கேளுங்க."

அந்தப் பதிவு பிய்த்துக்கொண்டு போனது. அழுகிற பொம்மை, கூப்பிய கை, ஆன்மா சாந்தியடையட்டும், ஆன்மா சாந்தியடையட்டும். வேறு பக்கங்கள் திருடிப் போட்டன. ஒருவன் சோகப் பாட்டு போட்டு வீடியோவாகவே ஆக்கிவிட்டான். அது சுற்றிச் சுற்றி அக்காவின் போனுக்கே வந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாதா?

"என்னை விதவையாக்கித்தான் லைக் வாங்கணுமா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம் எல்லாரும் மறந்துடுவாங்க, விடு," என்றார் அவர்.

அந்த வாரம்தான் அவருக்கு மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி. பிறகு நாக்கு. கொதிக்கிற டீயை மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். உதடு வெந்திருக்கும். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு நரம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். வலிக்கவில்லை, பயமும் இல்லை என்றாராம் மச்சான். பயமாக இல்லையே என்றுதான் அக்காவுக்குப் பயம்.

அப்புறம் ஒரு விடுமுறை நாள். மச்சான் சோபாவில் படுத்திருக்கிறார். ஒன்பதே முக்கால்... டொக். டொக். கொஞ்சம் விட்டு, டொக். அவர் தட்டுகிற மாதிரியே. அக்கா படுத்திருந்தவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். திறந்தாள். யாரும் இல்லை. தேய்ந்த பிரேக்கின் கருகல் வாசனை மட்டும் உள்ளே வந்தது. வெளியே நடைவழி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கைக் கவனியுங்கள். ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு அது. கதவைத் திறந்தால் எரியாது. வெளியே ஆள் நின்றால்தான் எரியும்.

"சென்சார் போயிருக்கும்," என்றார் எலக்ட்ரீஷியன்.

இதைச் சொல்வீர்கள் என்று தெரியும். மாற்றிப் பார்த்தார்கள். புதுசு போட்டும் அப்படியே எரிந்தது.

மச்சான் மறுநாளே மறுப்பு எழுதினார். படத்தில் இருப்பது என் மனைவி, நான் உயிரோடுதான் இருக்கிறேன், மன்னியுங்கள் என்று. செத்த செய்திக்கு அழுத கூட்டத்தில் கால்வாசி கூட இதைச் சீந்தவில்லை. பார்த்தவர்களில் ஒருவர், இறந்தவர் பெயரில் விளையாடாதே, வெட்கமாக இல்லையா என்று திட்டியிருந்தார். அதற்கு நிறைய பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அக்கா தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டாள். ஒல்லி போனான். அன்று மச்சான் வேலையிலிருந்து வரவேண்டும். இரண்டு பேரும் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பதே முக்கால். டொக், டொக்... டொக். அக்கா எழுந்து திறந்தாள். ஒல்லி அவள் தோளுக்குப் பின்னால் நின்று தன் கண்ணாலேயே பார்த்தான். விளக்கு எரிகிறது. மிதியடி இருக்கிறது. ஆள் இல்லை. அக்கா சாத்தினாள்.

உடனே ஒல்லியின் போன் அடித்தது. மச்சான்.

"ஏன்டா, உங்க அக்காவுக்கு என் மேல கோபமா? என் முகத்தைப் பார்த்துட்டே கதவச் சாத்திட்டா."

"மச்சான்... எங்க நிக்கறீங்க?"

"வாசல்லதான்டா. மிதியடி மேலதான்."

கோபமில்லை, பதற்றமில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி ஒரு குரல். ஒல்லி போனோடு போய்க் கதவைத் திறந்தான். வெறும் நடைவழி. "மச்சான்" என்று மெதுவாகக் கூப்பிட்டான். அவன் கூப்பிட்டது போனுக்குள்ளிருந்து அவன் காதுக்கே திரும்பி வந்தது... யாரோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் வருமே, அப்படி.

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க. நான் பார்க்காட்டியும் பரவாயில்ல, வாங்க."

"வாசல்படியத் தாண்ட முடியல. கால் இருக்கா இல்லையான்னே தெரியல."

அன்று இரவு அவள் கதவைச் சாத்தவே இல்லை. விடியும்வரை வெளியே விளக்கும் அணையவில்லை.

காலையில் தேடினார்கள். ஸ்கூட்டர் கீழே அதன் இடத்தில் நின்றது. எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை, எந்தச் சாலையிலும் விபத்து இல்லை. போலீஸ்காரர் காணவில்லை என்று எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் தினமும் அதே நேரம் தட்டும். அக்கா திறப்பாள். விளக்கு எரியும். போன் அடிக்கும். என்ன சமைத்தாய், கேஸ் மாற்றினாயா... குடும்பம் நடந்தது என்றே சொல்லலாம். அக்காவின் எண்ணம் ஒன்றுதான். அந்தக் கதை பொய் என்று எல்லாருக்கும் தெரிந்தால் இவர் உள்ளே வந்துவிடுவார். அதனால் பொய்ச் செய்தியைக் கண்டுபிடித்துச் சொல்கிற ஒரு குழுவுக்கு அவளே எழுதிப்போட்டாள்.

ஒருநாள் பகலில் அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மரியாதையான குரல்.

"படத்துல இருக்கறது நீங்கதானா?"

"ஆமா."

"தினமும் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குச் சத்தம் கேட்டு, கதவத் திறக்கறீங்களா?"

"ஆமா, ஆனா..."

"திறந்தா யாராவது தெரியறாங்களா?"

அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்ல," என்றாள். விபத்தைப் பற்றி அந்தப் பெண் கேட்கவேயில்லை. இவள் சொல்ல வாயெடுப்பதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலமே அந்தக் குழுவின் முடிவு வந்துவிட்டது. அதே படம். மேலே பச்சையில் பெரிய முத்திரை: உண்மை.

அன்று ஒல்லி அங்கேதான் இருந்தான். ஒன்பதே முக்காலுக்குத் தட்டும் சத்தம் கேட்டது. அக்கா ஓடிப்போய்த் திறந்தாள். நடைவழி கும்மிருட்டு. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அது அடிக்கவில்லை. அழக்கூட இல்லை அவள்.

இந்த முறையும் எலக்ட்ரீஷியன்தான் கேட்டார்.

"பல்பு போயிருக்கும்ல?"

அவர் குரலே அவருக்குக் கேட்டிருக்காது.

"அக்காவும் அப்படித்தான் நினைச்சா. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் குப்பை கொட்ட வெளியே வந்தார். விளக்கு எரிஞ்சுது."